அரைப்பக்கத்தில் ஐந்து பேர்

பதினெட்டு சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு உயரம். எங்கள் பத்திரிகையில் அரைப்பக்கம் என்றால் இவ்வளவுதான், நான் சேர்ந்த நாளிலிருந்து இதே அளவு. இதற்குள் தமயந்தி அம்மா பாடிய ‘ஆற்றங்கரை விளக்கு’ மறுபடியும் வருகிறது என்று சொல்ல வேண்டும். பத்துப் பாட்டின் முதல் அடியும் வேண்டும், படம் வேண்டும், படத்துக்குக் கீழே வாசித்த நாலு பேரின் பெயர் வேண்டும், போனைக் காட்டினால் பாட்டு இறங்குகிற அந்தக் கறுப்புக் கட்டமும் வேண்டும், அது இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எந்தப் போனும் அதைப் படிப்பதில்லை. எல்லாவற்றையும் திரையில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். பாக்கி ஒன்றுதான். வாசித்த நாலு பேரில் மூன்று பேர் இறந்துபோனது எனக்குத் தெரியும், நாலாமவர் உயிரோடு இருக்கிறாரா என்பது தெரியாது, தெரிந்தால்தான் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும். பன்னிரண்டரைக்குப் பக்கம் அச்சகத்துக்குப் போய்விடும். மணி பதினொன்று ஐந்து. எண்பத்தைந்து நிமிஷம். ஒரு போன் செய்ய எண்பத்தைந்து நிமிஷம் வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும், நம்பர் என் டைரியில் இருக்கிறது, டைரி மேஜைமேல் இருக்கிறது, போன் சட்டைப்பையில் இருக்கிறது. கீழே தையல்கடையில் மிஷின் ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. நிற்கும்போதெல்லாம் என் கையும் மவுஸ்மேல் நின்றுவிடுகிறது.

நேற்று வந்த யாமினி, தமயந்தி அம்மாவின் மகள், முகவாய் அம்மாவுடையதேதான், ஒரு தாளில் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவின் முதல் வருஷத் திதிக்குள் பாட்டு வெளியாக வேண்டுமாம். தபலா, அமரர் காதர் உசேன். கீபோர்டு, அமரர் ஸ்டான்லி. புல்லாங்குழல், அமரர் நமச்சிவாயம். வயலின், அமரர் இருதயராஜ், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. “அங்கிள், இவர் மட்டும் எனக்குச் சரியாத் தெரியல. அம்மா காரியத்துக்கும் வரல. இருந்தா வந்திருப்பாருன்னு சித்தி சொல்றாங்க. நீங்க கேட்டுப் போட்டுடுங்க, உங்களுக்குத்தான் அவங்க எல்லாரும் பழக்கம்.” பழக்கம். தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது, எனக்கும் தெரியாதும்மா என்று சொல்லியிருந்தால் அவளே யாரையாவது கேட்டிருப்பாள். காதர் பாய்க்கு அமரர் என்று போடுவதில்லையம்மா, அவங்க வழக்கம் வேற, எல்லாருக்கும் பொதுவா காலஞ்சென்றன்னு போட்டுடலாம் என்று மட்டும் சொன்னேன். “சூப்பர் அங்கிள், நீங்க எவ்ளோ கரெக்டா பாக்கறீங்க” என்றாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் அப்படிச் சொன்னால் கூச்சமாகவும் இருக்கும், உள்ளே கொஞ்சம் இனிக்கவும் செய்யும். அந்த இனிப்புதான் என்னைக் கெடுத்தது. பிறகு அவள் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “அம்மா பெட்டியில இருந்துது. அந்தக் காசெட் விளம்பரத்துல வந்த படமாம். இதையே போட்டுடலாமா?” அந்தப் படம் உலகத்தில் இல்லை என்றே நினைத்திருந்தேன். நான் வெட்டிய பிரதி ஒன்றுதான் இருந்தது என்று நினைத்திருந்தேன். இது வெட்டாதது.

வெட்டியது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஐப்பசி, அடைமழை, காற்றில் ஈரம் ஏறிப் பசை காயவில்லை. அப்போதெல்லாம் ஸ்கேல், பிளேடு, பசை, மற்றபடி இதே வேலைதான், இதைவிட நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. படத்தில் ஐந்து பேர். நடுவில் தமயந்தி அம்மா, இந்தப் பக்கம் ஸ்டான்லி, நமச்சிவாயம், அந்தப் பக்கம் காதர் பாய், கடைசியில் இருதயராஜ். இருதயராஜின் கை காதர் பாயின் தோள்மேல். படத்தின் அகலம் எண்பத்தைந்து மில்லிமீட்டர். எனக்கு எழுபத்துநாலுதான் வேண்டியிருந்தது, ஏனென்றால் படத்துக்கு இரண்டு பக்கமும் ஆறு ஆறு மில்லிமீட்டர் வெள்ளை விடுவது என் வழக்கம். காசெட் கம்பெனி முதலாளி போன மாதத்து விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, “தணிகாசலம் செஞ்சா விளம்பரம் மூச்சு விடுதுய்யா” என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். அதுதான் அந்த இனிப்பு. ஸ்கேலை வைத்தேன். இருதயராஜ் பதினோரு மில்லிமீட்டர். ஒரே இழுப்பு. அவர் கீழே விழுந்தார், தரையில், ஈரத்தில், முகம் மேலே பார்த்தபடி. ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் கண்டேன், காதர் பாயின் தோள்மேல் கை இருக்கிறது. நாலு விரல், மணிக்கட்டு, கட்டம்போட்ட சட்டையின் கைப்பட்டி, அதில் ஒரு பொத்தான். ஆள் இல்லை. மணி நாலு முப்பத்தைந்து, அச்சுக்கு ஃபிலிம் எடுக்கிறவர் ஐந்துக்குக் கடையைச் சாத்துவார். வெள்ளையை எடுத்துவிட்டால் பன்னிரண்டு மில்லிமீட்டர் கிடைக்கும், பதினொன்று அவருக்கு, ஒன்று மிச்சம். இந்தக் கணக்கைப் பிற்பாடு போட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிற்பாடு இல்லை. அங்கேயே, நின்றபடியே, போட்டுவிட்டேன். போட்டுவிட்டு, கை யாருக்குத் தெரியப்போகிறது என்று உறைக்குள் வைத்து அனுப்பினேன். அரைப் புள்ளி கோணலாக நின்றால் பக்கத்தையே திருப்பி அனுப்புகிறவன், ஒரு கையைப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

இப்போது இந்தப் படத்தில் அவர் நிற்கிறார். திரையில் இருநூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிறேன். மற்ற நாலு பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள், இவர் மட்டும் பக்கவாட்டில் எதையோ பார்த்துச் சிரிக்கிறார், மேல்வரிசையில் ஒரு பல் சற்றே முன்னால். சிரித்தது எனக்கு மறந்தே போயிருந்தது. புத்தகம் கடைக்கு வந்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, சுருட்டிய பத்திரிகையோடு வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார். “தணிகா, கண்ணாடியப் போட்டுப் பாரு. இது யாரு கை?” நான் பார்க்கவில்லை. இடம் பத்தலை இருதயம், என்றேன். “எடம் பத்தலைன்னா கையை ஏன்யா வச்ச? அதையும் தூக்கியிருந்தா அன்னிக்கு நான் போவவே இல்லைன்னு வீட்டுல சொல்லியிருப்பேன்ல?” டீ சொன்னேன், குடித்தார், பாட்டெல்லாம் நல்லாப் போவுதாமே என்றார், போய்விட்டார். அந்த இடத்தில், அவர் டீக்கிளாஸைக் கீழே வைத்ததற்கும் எழுந்ததற்கும் நடுவில், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வார்த்தை சீக்கிரம் வராது. வந்த ஒரே வார்த்தை பொய். மிச்சத்தைக் காதர் பாய்தான் சொன்னார், ஒரு வாரம் கழித்து, வெற்றிலையை மென்றுகொண்டு, சிரிப்பாகத்தான் சொன்னார். “படம் வருதுன்னு அவன் சம்சாரம் ஃபிலோமினா பன்னெண்டு புக்கு வாங்கிக்கிச்சுப்பா. பிரிச்சுக்கூடப் பாக்கல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வியாசர்பாடி மாதா கோயில் வாசல்லயே எல்லாருக்கும் குடுத்துக்கீது. அவங்க பிரிச்சுப் பாத்துட்டு, எங்கேம்மா உன் வூட்டுக்காரருன்னு கேக்குறாங்க. அது என்னா பண்ணும்? வெரலை வச்சுக் காட்டுது. தோ, இதான் அவரு கை, பாய் தோள்மேல கீது பாரு, நான் இஸ்திரி போட்ட சட்டைன்னு.” நானும் சிரித்தேன். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். இருதயராஜின் மனைவியை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த விரலைப் பார்த்திருக்கிறேன், எத்தனையோ தடவை, கோயில் வாசலில், வெயிலில், பத்திரிகைத் தாளின்மேல் நகம் பதிய. குழுவில் அவருக்குப் பெயரே மாறிவிட்டது. ‘கை வந்துட்டாரா?’ ‘கைக்கு ஒரு மைக் வை.’ மூன்று வருஷம் சிரித்துக்கொண்டே வந்தார். தொண்ணூற்றுநாலில் ஒருநாள் வரவில்லை, அப்புறமும் வரவில்லை, அம்பத்தூர்ப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார் என்றார்கள். நல்ல வேலை, மாதச் சம்பளம், அதனால்தான் போயிருப்பார். அதனால் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் தேவலை. சொல்லக்கூடிய மூன்று பேரும் இப்போது காலஞ்சென்றவர்கள்.

மணி பதினொன்று நாற்பது. பெயர்களை அடித்துவிட்டேன். இடது பக்கம் வாத்தியம், வலது பக்கம் பெயர். காலஞ்சென்ற காதர் உசேன், பன்னிரண்டு எழுத்து. காலஞ்சென்ற ஸ்டான்லி, பத்து. காலஞ்சென்ற நமச்சிவாயம், பதின்மூன்று. இருதயராஜ், ஆறு. நாலாவது வரி பாதியில் நின்றுவிடுகிறது, மூன்று படி ஒழுங்காக இறங்கி நாலாவது படி உடைந்த மாதிரி. எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகத்தான், பார்ப்பதற்காக மட்டும்தான், அவர் பெயருக்கு முன்னாலும் காலஞ்சென்ற என்று அடித்தேன். வரி மற்ற மூன்றோடும் சேர்ந்து நின்றது. நன்றாக இருந்தது. கண்ணுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தையல் மிஷின் நின்றது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது, வரி நேராக நிற்பதற்காக ஒரு மனுஷன் செத்திருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். வரிக்காக மட்டுமா? செத்திருந்தால் நான் போன் செய்ய வேண்டியதில்லை. யாமினியின் சித்தி சொன்னபடியே போட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள், இருந்தால் வந்திருப்பார்தானே. இருந்தும் வராமல் இருந்தால்? அம்பத்தூரில் யாராவது இந்தப் புத்தகத்தைப் பிரித்து, அவர் கையிலேயே கொடுத்து... அவசரமாக அழித்தேன். விரல் தப்பிப் பெயரும் சேர்ந்து அழிந்தது. வயலின் என்ற சொல்லுக்கு எதிரே வெறும் வெள்ளை. மறுபடி அடித்தேன், இ, ரு, த, ய, ரா, ஜ், ஒவ்வொன்றாக, இந்த ஆறு எழுத்தை என் கையால் நான் அடிப்பது இதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டே. எழுதியிருக்கிறேன். டைரியில். இரண்டாயிரத்துப் பத்தில் காதர் பாய் நம்பர் கொடுத்தார், “ஒரு வாட்டி பேசிடு தணிகா, அவன் ஒண்ணும் மனசுல வச்சிக்கிற ஆளு இல்ல” என்றார். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் பழைய டைரியிலிருந்து புது டைரிக்கு நம்பர்களை மாற்றி எழுதுவேன். இருதயராஜின் நம்பரைப் பதினாலு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அதற்கும் எட்டு வருஷம் முன்னால் நமச்சிவாயம் இறந்தபோது இருதயராஜைப் பார்த்தேன், வாசல் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மாலையை வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் வழி இருக்கிறதா என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டு அப்படியே வெளியே வந்தேன். துக்கவீட்டில் கொல்லைப்பக்கம் வழி கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“தணிகாசலம் சார், அரைப்பக்கம் ஆச்சா?” ஆசிரியர் சேஷகிரி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். ஆகிறது சார், என்றேன். உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். எனக்கு யாரும் பின்னால் நிற்கக் கூடாது. “என்ன சார், இவ்வளவு நெருக்கடியா இருக்கு? எப்பவும் சுத்தி ஒரு காத்தோட்டம் வச்சிருப்பீங்களே. நீங்க செஞ்ச மாதிரியே இல்லையே?” ஐந்து பேரையும் முழுசாக வைத்தால் கறுப்புக் கட்டத்துக்கும் பாட்டு வரிசைக்கும் எட்டு மில்லிமீட்டர் போதவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே போதவில்லை. காலையில் இரண்டு பக்க வெள்ளையையும் எடுத்துவிட்டேன். படம் ஓரத்தைத் தொடுகிறது, பாட்டு வரிசை படத்தை இடிக்கிறது, பக்கம் மூச்சு விடவில்லை. “அந்தக் கடைசி ஆளை எடுத்துட்டா சரியா வந்துடும் போலிருக்கே. பேரு கீழ இருக்கட்டும், படத்துல வேணாமே. யாருக்குத் தெரியப் போவுது?” அவர் நல்ல மனுஷர், எனக்குப் பத்து வயசு சின்னவர், ஒன்றும் அறியாமல்தான் சொன்னார். எடுக்க முடியாது சார், என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது போலிருக்கிறது, அவர் என்னைப் பார்த்தார். “சரி சார், சரி. அந்த உயிரோட இருக்காரா இல்லையான்ற விஷயம்?” கேட்டுக்கொண்டே இருக்கேன் சார், என்றேன். மறுபடி பொய். எனக்கு எழுபத்தொரு வயசு. அவர் போனபிறகு டைரியைத் திறந்தேன். என் கையெழுத்து எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், அந்தப் பத்து இலக்கமும் அச்சடித்த மாதிரி இருந்தன. அவர் இறந்திருந்தால் அழுவேனா? அழ எனக்கு உரிமை உண்டா? இருந்தால் என்ன சொல்லி ஆரம்பிப்பது? வணக்கம், நான் பத்திரிகையிலிருந்து பேசுகிறேன், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும், பன்னிரண்டரைக்குள்.

பன்னிரண்டு எட்டுக்கு நம்பரைப் போட்டேன். ஏழு தடவை மணி அடித்தது, எட்டாவதில் யாரோ எடுத்தார்கள். “அலோ.” பெண்குரல், வயசான குரல். இருதயராஜ் சார் வீடுங்களா, என்றேன். “ஆமா.” அவரிடம் பேச வேண்டும் என்றேன். “தோ குடுக்கறேன், இருங்க,” என்று அந்தக் குரல் விலகி, “ஏங்க! போனு! போனு!” என்று கத்தியது. இருக்கிறார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன், ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன் போலிருக்கிறது, மேஜையில் முட்டிக்கொண்டேன். ஏதோ உராய்கிற சத்தம், செருப்புச் சத்தம், அப்புறம் காதுக்குள்ளேயே ஒருவர் மூச்சு விடுகிறார். வணக்கம் வரவில்லை, பெயர் வரவில்லை. இடம் இருந்துது இருதயம், என்றேன். அன்னிக்கு நான் சொன்னது பொய். பன்னெண்டு மில்லிமீட்டர் இருந்துது. உனக்குப் பதினொண்ணுதான் வேண்டியிருந்துது. நான் அதை அப்பவே பாத்தேன். பாத்துட்டுத்தான் அனுப்பினேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், என் ஆயுளில் யாரிடமும் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் பெரிய குரலில், யாரையோ தெருவில் கூப்பிடுகிற மாதிரி, “ஆ? யாரு? ஒண்ணும் கேக்கல!” என்றார். போன் கை மாறியது. “அவருக்கு ரெண்டு காதும் போயி ஆறு வருஷமாச்சுங்க,” என்றாள் அந்த அம்மா. “போனைக் குடுக்கலைன்னா கோச்சுக்குவாரு, அதுக்காகக் குடுக்குறது. எங்கிட்ட சொல்லுங்க, நோட்டுல எழுதிக் காட்டறேன். கொஞ்சமா சொல்லுங்க, எனக்கு வேகமா எழுத வராது.”

வயலின் வாசித்தவர். ‘ஆற்றங்கரை விளக்கு’ மறுபடி வருகிறது, அதை அவர் கேட்க முடியாது. பெயர் சரியாப் போடணும்னுதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிடலாம், வேலை முடிந்துவிடும். நாக்கு அதற்குத் தயாராகக்கூட இருந்தது. இடம் இருந்ததுன்னு எழுதுங்கம்மா, என்றேன். “எடம்... இருந்தது,” அவள் எழுதுவது கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக. “என்னா எடம்? சரி, யாரு சொன்னதுன்னு போடட்டும்?” தணிகாசலம்னு போடுங்க. பத்திரிகையில விளம்பரம் செய்யற தணிகாசலம். எழுதுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் எண்ணினேன், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது, பதினேழு வரைக்கும் எண்ணினேன். “நீங்கதானா?” என்றாள். குரல் தணிந்துவிட்டது. பின்னால் அவர், “என்னாவாம்? யாராம்? காட்டு!” என்று கத்திக்கொண்டிருந்தார். “நான் இதை எழுத மாட்டேங்க,” என்றாள் அவள். “அவரு மறந்துட்டாரு. நெசமாவே மறந்துட்டாரு, இப்பல்லாம் பாதி ஞாபகம் இல்ல அவருக்கு. எழுதிக் காட்டினா என்னா எடம், யாரு தணிகாசலம்னு கேப்பாரு, நான் மொதல்லேர்ந்து எல்லாத்தையும் எழுதணும். எனக்கு அதை எழுதக் கை வராது.” நான் உங்ககிட்டயும்தாம்மா, என்று ஆரம்பித்தேன். “வேணாங்க,” என்றாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். “அரிசி வச்சிருக்கேன் அடுப்புல. வைக்கட்டுமா?” வைங்கம்மா, என்றேன்.

பன்னிரண்டு பதினேழு. நாலாவது வரி பாதியில் நிற்கிறது, ஆறெழுத்து, அதற்குமேல் வெள்ளை. அதை நிரப்பக் கை எங்கும் போகவில்லை. ஒருமுறை எழுத்துகளைச் சரிபார்த்தேன், இரண்டாவது முறை பார்த்தேன், வழக்கமாக மூன்று முறை பார்ப்பேன். சேஷகிரி மறுபடி கதவைத் திறந்தார். “போன் சத்தம் கேட்டுதே. ஆளு இருக்காரா?” இருக்கார் சார், என்றேன். “அப்பாடா. அப்ப பிரச்சினை ஒண்ணும் இல்லையே?” ஒண்ணும் இல்லை சார், என்று சொல்லிவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன்.